பியானோ இருந்த இடத்தில் என்ன வைப்பது? டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு மருமகனாக வந்தவன் நான். சாட்ஸ்வொர்த்தில், வீட்டு முன்னறையில், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கிறேன். நான் வந்தபோது அந்த அறையில் அத்தையின், அதாவது என் மாமியாரின், பழைய பியானோ நின்றது. அத்தை பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சிறு வயதிலிருந்து அதில்தான் வாசித்தார். இப்போது அந்த இடத்தில் டிஜிட்டல் பியானோ நிற்கிறது. வகுப்புக்கு வரும் பெற்றோரும் கோயிலில் பார்ப்பவர்களும் அதைப் பற்றிக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பழைய பியானோவைச் சரிசெய்யவே முடியாதா? எடுத்தவுடன் புதிது வாங்க வேண்டுமா?

முடிந்தால் சரிசெய்யுங்கள். கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு டியூனரை, அதாவது பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரை, கூப்பிட்டுக் காட்டுங்கள். கட்டை ஒட்டிக்கொள்வது, ஓரிரு தந்தி துருப்பிடிப்பது, சுத்தியலின் கம்பளி தேய்வது எல்லாம் சரிசெய்யக்கூடியவை. டிசம்பர் மழையில் டர்பனில் எந்த வீட்டுப் பியானோவிலும் நாலு கட்டை ஒட்டத்தான் செய்யும். மரம் ஈரத்தை இழுத்து உப்பிவிடுகிறது. ஏப்ரல், மே வந்தால் பாதி தானாகச் சரியாகிவிடும்.

சரிசெய்யக் கடினமானது ஒன்று இருக்கிறது. பியானோவுக்குள் ஏறக்குறைய 230 தந்திகள். எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 18 டன் அளவுக்கு வரும். அந்தச் சுமையை வார்ப்பிரும்புச் சட்டம் தாங்குகிறது. சுருதி இறங்காமல் பிடித்துவைப்பது மட்டும் கெட்டியான ஒரு மரப்பலகையில் இறுக்கமாகச் செருகிய எஃகு முளைகளின் வேலை. வீணைக்குப் பிருடை என்றால் பியானோவுக்கு இந்த முளை. எங்கள் வீட்டுக்கு வந்த டியூனர் சாவியை மாட்டி ஒரு முளையைத் திருகினார். சுருதி ஏறியது. சாவியிலிருந்து கையை எடுத்தார், முளை மெதுவாகத் திரும்பிப் பழைய இடத்துக்கே வந்தது. இன்னும் நாலைந்தைத் திருகிப் பார்த்துவிட்டு அத்தையின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வீணைப் பிருடை வழுக்கினால் சாக்பீஸ் பொடி தடவிச் சமாளிக்கலாம். பியானோவில் அந்த ஓட்டைகள் எல்லாவற்றுக்கும் பெரிய அளவு முளைகள் அடித்து, தந்தி மாற்ற வேண்டும். அந்தச் செலவில் நல்ல டிஜிட்டல் பியானோவே வந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் செய்த ஓட்டோ பாக், டீட்மன் பியானோக்கள் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் பல நல்ல நிலையிலேயே இருக்கின்றன. பெயரையும் வயதையும் வைத்து முடிவெடுக்காதீர்கள், முளை பிடிக்கிறதா என்று பாருங்கள்.

ஜோகன்னஸ்பர்க்குக்குக் குடிபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டர் உயரத்துக்கும் மேலே உள்ள ஊர், குளிர்காலம் முழுக்க வறண்டு கிடக்கும். டர்பன் ஈரத்தில் பல வருடம் ஊறிய பியானோவை அங்கே கொண்டுபோனால் மரம் சுருங்கும், ஒலிப்பலகை வெடிக்கலாம், முளைகள் தளரும். லாரி வாடகை கொடுப்பதற்கு முன் யோசியுங்கள்.

கீபோர்டு, டிஜிட்டல் பியானோ இரண்டும் ஒன்றுதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். அத்தைக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் 61 கட்டைக் கீபோர்டு ஒன்றை வாங்கி வந்தேன். அட்டைப்பெட்டியில் அறுநூற்றுச் சொச்சம் ஒலிகள், இருநூறு தாளங்கள் என்று போட்டிருந்தது. அத்தை உட்கார்ந்து இரண்டு வரி வாசித்தார். "கை வழுக்குது மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் டீ போட ஆரம்பித்துவிட்டார். அந்தக் கீபோர்டு இப்போது வகுப்புப் பிள்ளைகளின் கையில் இருக்கிறது.

வித்தியாசம் கட்டைக்கு அடியில் இருக்கிறது. சாதாரணக் கீபோர்டில் கட்டையைத் தூக்கி நிறுத்துவது ஒரு ஸ்பிரிங். அழுத்த அழுத்த எதிர்ப்புக் கூடிக்கொண்டே போகும். பியானோவில் நாம் ஒரு சுத்தியலை எறிகிறோம். தொடக்கத்தில் கனமாக இருக்கும், சுத்தியல் கிளம்பிய பிறகு கட்டை லேசாகிவிடும். டிஜிட்டல் பியானோவிலும் ஒவ்வொரு கட்டையோடும் ஒரு சின்ன சுத்தியல் எடை சேர்ந்து அசையும். அதற்குத் தந்தி கிடையாது, உணர்கருவிதான் உண்டு. இடது பக்கம் கனமாகவும் வலது பக்கம் போகப் போக லேசாகவும் இருக்கும். நிஜப் பியானோவிலும் அப்படித்தான், மந்திர ஸ்தாயியில் சுத்தியல் பெரிது.

கட்டைமேல் நாணயம் அடுக்கிப் பார்க்கச் சொல்லி ஒரு வீடியோ சுற்றுகிறது. பியானோக் கட்டை சுமார் 50 கிராமில் இறங்க வேண்டும், ஐந்து ரேண்ட் நாணயம் ஒன்பதரை கிராம், ஆக ஐந்து நாணயம் என்று கணக்கு. செய்து பார்த்தேன். அந்த ஸ்பிரிங் கீபோர்டும் கிட்டத்தட்ட அதே எடைக்கு இறங்கியது! அசையாமல் உட்கார்ந்திருக்கும் எடையை வைத்து ஒன்றும் தெரியாது. கை வேகமாக விழும்போது கட்டை எப்படி எதிர்க்கிறது என்பதுதான் விஷயம். நாணயத்தைப் பையில் போட்டுவிட்டு வாசித்துப் பாருங்கள்.

88 கட்டையும் தேவையா? வீட்டில் இடம் இல்லையே.

பியானோவுக்குப் பதிலாக என்றால் தேவை. 88 கட்டை உள்ளது சுமார் 130 சென்டிமீட்டர் நீளம் வரும், நம் வீட்டுப் பியானோ அடைத்திருந்த சுவரைவிடக் குறைவுதான். ஆழம் இரண்டு கை அகலத்துக்குக் கொஞ்சம் மேலே. பஜனைக்கும் சினிமாப் பாட்டுக்கும் மட்டும் என்றால் 61 போதும். ஒன்று மட்டும் பாருங்கள், கட்டை முழு அளவில் இருக்க வேண்டும். ஒரு ஸ்தாயி, கறுப்பு வெள்ளை சேர்த்து, சுமார் பதினாறரை சென்டிமீட்டர் அகலம். பொம்மைக் கீபோர்டுகளில் இது குறுகலாக இருக்கும், அதில் பழகிய பிள்ளைக்குப் பிறகு பெரிய பியானோவில் விரல் எட்டாது.

கடையில் எப்படிச் சோதிப்பது? எனக்கு வாசிக்கவே தெரியாது.

வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் அத்தை செய்ததைச் சொல்கிறேன், அது எந்த விமர்சனத்தையும்விட எனக்குப் பயன்பட்டது.

கடைப்பையன் சத்தத்தைக் கூட்டி, ஒரு டெமோ பாட்டைப் போட்டுக் காட்டினான். அத்தை அதை நிறுத்தச் சொன்னார். உட்கார்ந்து முழங்கை உயரத்தைச் சரிபார்த்தார். முதலில் நடுவில் ஒரு கட்டையை மிக மிக மெதுவாக, சத்தமே வராமல், அடிவரைக்கும் இறக்கினார். நல்ல பியானோவில் அப்படி இறக்கும்போது அடிக்குக் கொஞ்சம் முன்னால் விரலுக்கு ஒரு சின்னத் தடை தெரியும். சுத்தியல் விடுபடும் இடம் அது. அது தெரிந்ததும் தலையாட்டினார்.

அடுத்து அதே கட்டையைச் சுண்டுவிரலால் தட்டிவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டார். கண்ணை மூடி உதட்டுக்குள் எண்ணினார். ஒலி மெல்லத் தேய்ந்து மறைய வேண்டும். மட்டமான கருவியில் ஏழெட்டு எண்ணுவதற்குள் ஒலி சட்டென்று அறுந்துவிடும், அல்லது ஒரே சின்னத் துண்டு வட்டமடிக்கிற மாதிரி கேட்கும். மந்திர ஸ்தாயியில் இதைச் செய்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

மூன்றாவதாக ஒரே கட்டையைப் பாதிதான் மேலே வரவிட்டு மறுபடி மறுபடி அடித்தார். மூன்று உணர்கருவி உள்ள கட்டையில் ஒவ்வொரு அடியும் பேசும். இரண்டே உள்ளதில் கட்டை முழுக்க மேலே வந்தால்தான் அடுத்த ஒலி வரும். கடைசியாக விரலைக் கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே உள்ளே தள்ளி வெள்ளைக் கட்டையை அழுத்தினார். மெலிசாகச் செய்த மாடல்களில் அந்த இடத்தில் கட்டை கல் மாதிரி கனக்கும், உள்ளே நெம்புகோல் குட்டையாக இருப்பதால். இவ்வளவுக்கும் ஒரு பாட்டுக்கூட வாசிக்கவில்லை. பையன் பொறுமையாக நின்றான், பாவம்.

எந்த மாடல் வாங்கலாம்? பெயரைச் சொல்லுங்கள்.

மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கும், விலையும் ரேண்டோடு சேர்ந்து ஆடும். அதனால் விலை எழுதவில்லை. கையால் தொட்டுப் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

பியானோ பழகிய கைக்கு, எளிய விலை வரிசையில், எனக்குப் பிடித்தது ரோலண்ட் எஃப்பி-10. மூன்று உணர்கருவி, மேலே சொன்ன அந்தத் தடை, கொஞ்சம் சொரசொரப்பான கட்டை. வியர்க்கும் ஊரில் இந்தச் சொரசொரப்பு பெரிய உதவி. கட்டை சற்றுக் கனம், மூட்டுவலி உள்ளவர்கள் வாசித்துப் பார்த்துவிட்டு வாங்கவும். அதே கட்டைகளோடு பெரிய ஸ்பீக்கர் உள்ள அண்ணன் எஃப்பி-30எக்ஸ். அத்தை எடுத்தது அதைத்தான். எஃப்பி-10இன் ஸ்பீக்கர் அறைக்குப் போதும், ஆனால் பியானோ கேட்டுப் பழகிய காதுக்கு மந்திர ஸ்தாயி மெலிந்து கேட்கும்.

யமாஹா பி-145 லேசானது, 11 கிலோ சொச்சம். கோயிலுக்கும் வீட்டுக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு ஏற்றது. கட்டை எனக்கு ஆழம் குறைவாகப் பட்டது. கவாய் இஎஸ்120 கட்டை மென்மை, ஒலி இனிமை, வயதானவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். காசியோ சிடிபி-எஸ்110 பேட்டரியிலும் ஓடும், அதன் அருமை கீழே கரண்ட் கேள்வியில் வரும்.

வரவேற்பறையில் பியானோ நின்ற இடம் வெறிச்சென்று இருக்கக்கூடாது என்பவர்களுக்கு மரச்சட்டத்தோடு, மூன்று பெடலோடு வரும் வகை உண்டு. யமாஹா ஆரியஸ் மாதிரி. ஆடாது, ஒலியும் நன்றாக இருக்கும். ஆனால் பெரிய பெட்டி, மாடிக்கு ஏற்ற ஆள் வேண்டும். நிஜப் பியானோவின் இயந்திரத்தையே உள்ளே வைத்துச் செய்த கலப்பினங்களும் இருக்கின்றன, யமாஹாவின் அவான்ட்கிராண்ட் 2009இலேயே வந்தது. ஒரு கடையில் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தேன். அது நம் பட்ஜெட்டுக்கு வேறு உலகம்.

ஸ்டாண்டில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். பெருக்கல் குறி மாதிரி மடங்கும் ஸ்டாண்டு வேகமாக வாசித்தால் ஆடும், முட்டியும் இடிக்கும். கட்டையின் மேல்பரப்பு தரையிலிருந்து 73 சென்டிமீட்டர் வாக்கில் இருந்தால் பியானோவில் உட்கார்ந்த பழக்கம் அப்படியே தொடரும்.

பாலிஃபனி 64, 128, 256 என்கிறார்களே?

ஒரே நேரத்தில் எத்தனை ஒலி கேட்க முடியும் என்ற எண். பத்து விரல்தானே என்று கேட்காதீர்கள், பெடலை அழுத்தியிருக்கும்போது பழைய ஒலிகளும் உயிரோடு இருக்கும். ஸ்டீரியோ பதிவு என்றால் ஒரு கட்டையே இரண்டு எடுத்துக்கொள்ளும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு 64 போதும். பெடலை நிறையப் பயன்படுத்திப் பெரிய உருப்படிகள் வாசிப்பவர்களுக்கு 128க்கு மேல். அதற்குப் பிறகு அந்த எண் அட்டைப்பெட்டிக்கு அழகு.

கூடவே வரும் பெடல் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது?

சின்னச் சதுரத் துண்டாக வருவது வெறும் சுவிட்ச். டைல்ஸ் தரையில் நீங்கள் மிதிக்க மிதிக்க அது சுவரைத் தேடிப் போகும். கனமான, பியானோப் பெடல் வடிவத்தில் உள்ளதைத் தனியாக வாங்குங்கள். அரைப் பெடலை, அதாவது பாதி மிதிப்பதை, உணரும் வகை என்றால் இன்னும் நல்லது, உங்கள் கருவி அதை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு, கார் மிதியடி ஒன்றைக் கீழே போட்டால் ஓடாது.

லோட் ஷெடிங், அதாவது முறை வைத்த மின்வெட்டு, வந்தால்? பியானோவுக்குக் கரண்ட் வேண்டாமே.

உண்மைதான், பியானோவின் பெரிய வசதி அது. 2023இல் மின்வெட்டு ஸ்டேஜ் 6 என்ற கடுமையான படி வரை போன நாட்களில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாசித்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை, இருந்தாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு என்று ஏதாவது ஒன்று வரத்தான் செய்கிறது.

காசியோ சிடிபி-எஸ்110, பிஎக்ஸ்-எஸ்1100 இரண்டும் ஆறு டபுள் ஏ பேட்டரியில் ஓடும். மற்றவற்றுக்கு ஒரு வழி உண்டு. வைஃபை ரவுட்டருக்காக எல்லா வீட்டிலும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்திருப்போமே, 12 வோல்ட் கொடுப்பது. பல டிஜிட்டல் பியானோக்களும் 12 வோல்ட்தான், மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். ஆனால் மாட்டுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: வோல்ட் ஒன்றா, ஆம்பியர் போதுமா, நடு முள் பிளஸ்ஸா மைனஸா. அடாப்டரிலும் கருவியின் பின்பக்கத்திலும் சின்னப் படம் போட்டிருப்பார்கள். பழைய காசியோக் கீபோர்டுகளில் நடு முள் மைனஸ், 9 வோல்ட். கண்டதை மாட்டி ஒன்றைப் புகைய விட்டவரை எனக்குத் தெரியும். வேறு யாருமில்லை, என் மச்சான்தான்.

கரண்ட் போகும்போது ஒன்றும் ஆகாது, திரும்பி வரும்போதுதான் ஆபத்து. போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், வந்து ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். மாரிட்ஸ்பர்க் பக்கம் இடி இறங்கும் மாலைகளிலும் அப்படியே.

சென்னையிலிருந்து வாங்கிவந்தால் மலிவா?

ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். 88 கட்டை உள்ளதை விமானத்தில் கொண்டுவருவது வேண்டாத வேலை. 130 சென்டிமீட்டர் பெட்டியை லக்கேஜில் ஏற்றும்போது கேட்கும் கூடுதல் கட்டணத்தில் லாபம் போய்விடும், ஓரக் கட்டை உடைந்து வந்த கதையும் உண்டு. அதோடு வாரன்டி இங்கே செல்லாது. இங்கே கடையில் புதிதாக வாங்கினால் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு இருக்கிறது. பொருள் பழுதென்றால் ஆறு மாதத்துக்குள் சரிசெய்வது, மாற்றுவது, பணத்தைத் திருப்பி வாங்குவது மூன்றில் எது வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

சென்னையிலிருந்து கொண்டுவரத் தகுதியானது வேறு. இந்தியாவுக்கென்றே செய்த 61 கட்டைக் கீபோர்டுகள், யமாஹா பிஎஸ்ஆர்-ஐ500, காசியோ சிடி-எக்ஸ்9000ஐஎன் போன்றவை. தபேலா, தம்புரா எல்லாம் உள்ளே இருக்கும். மின்சாரம் அங்கும் இங்கும் 230 வோல்ட்தான், பிளக்தான் மாறும். ஊரில் ஏசிக்கு மாட்டும் பெரிய மூன்று முள் இருக்கிறதே, அதுதான் இங்கே பெரும்பாலானவற்றுக்கு. அடாப்டர் இரண்டு முள் என்றால் இங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் மாற்றுப் பிளக்கே போதும்.

பஜனைக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் டிஜிட்டல் பியானோ உதவுமா?

பஜனைக்குப் பியானோவைவிட உதவும். நம் ஆட்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, பெண்கள் ஐந்து, ஐந்தரை. ஒரு கட்டை என்றால் சி, ஐந்து என்றால் ஜி. பியானோவில் ஐந்தரைக் கட்டைக்கு வாசிக்க வேண்டுமென்றால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறி விரல் குழம்பும். டிஜிட்டலில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு வசதி, ஸட்ஜத்தைச் சியிலேயே வைத்து வாசிக்கலாம், சத்தம் ஐந்தரையில் வரும். திருப்புகழ் பாடும் அக்கா ஒருவர், தேவாரம் பாடும் தாத்தா ஒருவர் என்று சுருதி மாறிக்கொண்டே இருக்கும் நம் கோயிலுக்கு இது வரம். மறுநாள் வகுப்பில் அதைப் பழையபடி மாற்ற மறந்து, பிள்ளைகளோடு சேர்ந்து நானும் முழித்திருக்கிறேன்.

இன்னொன்று, கோயில் ஆர்மோனியம் பழசாக இருந்தால் அதன் சுருதி 440 ஹெர்ட்ஸ் கணக்குக்கு ஒத்துவராது, ஒரு மயிரிழை ஏறியோ இறங்கியோ நிற்கும். டிஜிட்டலில் டியூனிங்கை அந்த மயிரிழைக்கு நகர்த்தலாம். தைப்பூசக் காவடிக்கு நாதஸ்வரத்தோடு சேர்ந்து வாசிக்க ஆசைப்படுபவர்கள் மட்டும் வேண்டாம், அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது.

சங்கீதம் கற்க என்றால், சரளி வரிசைக்கு நன்றாக உதவும். மாயாமாளவகௌளையின் ஏழு சுவரமும் கட்டையில் கண்ணால் பார்க்கலாம், சுவர ஸ்தானம் மனதில் பதிந்துவிடும். கமகம் வந்ததும் கதை மாறும். தோடியின் காந்தாரத்தைக் கட்டையில் எங்கே போய்த் தேடுவது? இரண்டு கட்டைக்கு நடுவே வழுக்கிப்போக வழியில்லை. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இலிருந்து முப்பது வருடம் உள்ளே விடாததற்கு இதுவும் ஒரு காரணம். கீபோர்டு சத்யநாராயணன் போன்றவர்கள் முழுக் கச்சேரியே செய்கிறார்களே என்றால், அவர்கள் இடது கையால் பிட்ச் பெண்ட் என்ற, சுருதியை வளைக்கும் சக்கரத்தைத் திருப்பித்தான் கமகம் கொண்டுவருகிறார்கள். நான் மேலே சொன்ன டிஜிட்டல் பியானோக்கள் எதிலும் அது இல்லை. பிஎஸ்ஆர்-ஐ500 வகையில் உண்டு. ஆக, பியானோவும் வேண்டும் தோடியும் வேண்டும் என்றால் இரண்டு கருவிதான்.

பிள்ளைகள் பரீட்சைக்கு இதில் பழகலாமா?

பழகலாம், 88 முழு அளவுக் கட்டை, சுத்தியல் எடை, பெடல் மூன்றும் இருந்தால். இசைத் தேர்வு நடத்தும் அமைப்புகளில் ஏபிஆர்எஸ்எம், 2020இல் தொடங்கிய வீடியோ வழித் தேர்வுக்கு இத்தகைய டிஜிட்டல் பியானோவை ஏற்கிறது. டிரினிட்டியில் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கென்றே தனிப் பாடத்திட்டம் இருக்கிறது, பியானோப் பாடத்திட்டம் வேறு. பெயர் கொடுக்கும்போது குழம்பாதீர்கள். யூனிசா பல்கலைக்கழகத்தின் இசைத் தேர்வு எழுதுபவர்கள் வாங்குவதற்கு முன் ஆசிரியரிடம் அந்த வருடப் பாடத்திட்டத்தைக் காட்டுங்கள். எதுவானாலும், பரீட்சைக்கு முந்தைய மாதம் ஏதாவதொரு நிஜப் பியானோவில் நாலு தடவையாவது வாசிக்க வையுங்கள். அறை நிறைய ஒலி வரும்போது பிள்ளை மிரண்டுபோகும்.

ஹெட்ஃபோன் போட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காதுதானே?

பாட்டுக் கேட்காது. கட்டை அடிக்கும் "தொம் தொம்" கேட்கும். சாட்ஸ்வொர்த்தின் ஒட்டு வீடுகளில் சுவர் பொது, கருவியை அந்தச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். மாடியில் என்றால் கீழே கெட்டி ரப்பர் பாய் போடுங்கள். புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம், கட்டையை அடித்து ஒரு கணம் கழித்துத்தான் ஒலி வரும், வாசிக்கவே முடியாது. கம்பி வைத்தது போதும்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. கார்ப் பார்க்கிங்கில் கைமாற்றுகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள், மின்சாரத்தில் மாட்டி வாசிக்க முடியும் இடத்தில் வாங்குங்கள். இடமிருந்து வலம் 88 கட்டையையும் ஒரே அழுத்தத்தில் ஒவ்வொன்றாக வாசியுங்கள், முதலில் மெதுவாக, பிறகு பலமாக. நடுவில் ஒரு கட்டை மட்டும் திடீரென்று கத்தினால் அடியில் உள்ள ரப்பர் தொடுபட்டையில் தூசியோ அரிப்போ இருக்கிறது. பிரித்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும், விலையைக் குறைத்துக் கேட்க அது ஒரு பிடி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நனைந்து, காயவைத்துப் பளபளப்பாகத் துடைத்து விற்றவை சில இன்னும் சுற்றுகின்றன. அடிப்பக்க ஸ்குரூக்கள் எல்லாம் துருவாக இருந்தால் தொடாதீர்கள்.

கடல் காற்றுக்கு இது தாங்குமா?

பியானோ அளவுக்குச் சீரழியாது, ஆனாலும் ஜன்னலோரம் வேண்டாம். வாசிக்காதபோது துணி போட்டு மூடுங்கள், பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். கரப்பான், பல்லி உள்ளே புகாமல் இருக்கவும் துணி உதவும். குரங்குக்கு உதவாது. ஒரு மதியம் வாழைப்பழம் தேடி வந்த ஒன்று, இந்த ஓரக் கட்டையிலிருந்து அந்த ஓரக் கட்டைவரை நடந்துபோனது. வாசிப்பது அத்தை என்று நினைத்து நான் அடுப்படியிலேயே இருந்துவிட்டேன்.

பழைய பியானோவை என்ன செய்தீர்கள்?

விற்கப் பார்த்தோம், இலவசமாகத் தரவும் பார்த்தோம். இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கும், சுருதி நிற்காத பியானோவை யாரும் தூக்கிப்போக வரவில்லை. நீங்களே பிரிக்க நினைத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். தந்திகளை வெட்டவே கூடாது. இழுப்பில் இருக்கும் தந்தி அறுந்து முகத்தில் வந்து அடிக்கும். முளைகளைச் சாவியால் கொஞ்சம் கொஞ்சமாக, முன்னும் பின்னும் மாறி மாறித் தளர்த்திய பிறகுதான் மற்ற வேலை. எங்களுக்கு அந்த டியூனரே வந்து தளர்த்திக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

இரும்புச் சட்டம் பழைய இரும்புக்காரரின் பக்கியில், அதாவது சின்னச் சரக்கு வண்டியில், போனது. கட்டைகளில் சிலவற்றை வகுப்புப் பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மேல் மூடிப் பலகையை மட்டும் அத்தை கொடுக்கவில்லை. மச்சான் அதை அறுத்து, பாலிஷ் போட்டு, சாமி அறையில் தட்டாக அடித்தான். காமாட்சி விளக்கு அதன்மேல்தான் இருக்கிறது, விளக்குக்குப் பக்கத்தில், தாளம் காட்டும் பழைய மெட்ரோனோம் நின்ற கறை ஒன்று வட்டமாக இன்னும் தெரிகிறது.